ரோடும் தெரியவில்லை, எதிரே வருகிறவருக்கும் கண் கூசுகிறது: கேம்பர் வேன் ஹெட்லைட்டில் முதலில் எதைச் சரிசெய்வது?

கேள்வி: ஐயா, பழைய டெம்போ டிராவலர் ஒன்றை வாங்கி, குடும்பத்தோடு ஊர் சுற்ற கேம்பர் வேனாக மாற்றியிருக்கிறேன். வீல்பேஸ் (முன், பின் ஆக்சில்களுக்கு இடையிலான தூரம்) 3350 மில்லிமீட்டர். பின்பக்கம் கட்டில், அதன் அடியில் 150 லிட்டர் தண்ணீர் தொட்டி, தனி பேட்டரி, கேஸ் சிலிண்டர். ஹெட்லைட்டில் எச்4 ஹாலஜன் பல்பு. போன மாதம் ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும்போது இருட்டிவிட்டது. ரோடு சரியாகவே தெரியவில்லை. ஆனால் எதிரே வந்த வண்டிகள் எல்லாம் எனக்கு பிரைட் அடித்துக் காட்டின. நான் டிம்மில்தான் போனேன். எல்இடி பல்பு மாட்டினால் சரியாகுமா, இல்லை 100/90 வாட் பல்பு நல்லதா?

பதில்: இரண்டும் வேண்டாம். குறைந்தது இப்போதைக்கு வேண்டாம்.

உங்களுக்கு வெளிச்சம் போதவில்லை, எதிரே வருகிறவருக்கோ அது அதிகமாகத் தெரிகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தால் பல்பைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. வெளிச்சம் ரோட்டில் விழாமல் மேலே போய்க்கொண்டிருக்கிறது. இந்த நிலையில் பல்பை மட்டும் பெரிதாக்கினால் உங்களுக்குக் கொஞ்சம்தான் கூடும், எதிரே வருகிறவருக்குத் தொல்லைதான் இரட்டிப்பாகும்.

ஏன் மேலே போகிறது? டிம் லைட்டை பொதுவாக 1 சதவீதம் கீழ்நோக்கி வைப்பார்கள். அதாவது 10 மீட்டர் தூரத்தில் 10 சென்டிமீட்டர் இறக்கம். உங்கள் வண்டியில் விளக்கின் உயரம் 90 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், வெளிச்சத்தின் மேல்விளிம்பு 90 மீட்டர் தள்ளி ரோட்டைத் தொடும். இது வண்டி மட்டமாக நிற்கும்போது வருகிற கணக்கு. 150 லிட்டர் தண்ணீர் என்றால் 150 கிலோ. அந்தத் தொட்டி பின் ஆக்சிலுக்கு ஒரு மீட்டர் பின்னால் இருந்தால், பின் ஆக்சிலில் ஏறுவது 150 கிலோ இல்லை, ஏறத்தாழ 195 கிலோ. மிச்சம் 45 கிலோ எங்கிருந்து வந்தது என்றால், முன் ஆக்சிலிலிருந்து தூக்கியது. சீசா பலகையில் ஒரு முனையில் ஆள் உட்கார்ந்த கதைதான். இதோடு பேட்டரி, சிலிண்டர், கட்டில், கட்டிலில் படுத்திருக்கும் பிள்ளைகள் எல்லாம் சேரும்.

இதனால் பின்பக்கம் 4 சென்டிமீட்டர் அமுங்கி, முன்பக்கம் அரை சென்டிமீட்டர் எழும்பினால் போதும். 335 சென்டிமீட்டர் வீல்பேஸில் அது 1.3 சதவீதச் சாய்வு. 1 சதவீதம் இறங்கியிருந்த லைட் இப்போது 0.3 சதவீதம் மேல்நோக்கிப் பார்க்கும். 50 மீட்டர் தள்ளி அதன் மேல்விளிம்பு தரையிலிருந்து ஒரு மீட்டருக்குச் சற்று மேலே நிற்கும். சின்ன கார் ஓட்டுகிறவரின் கண் ஏறத்தாழ அந்த உயரத்தில்தான் இருக்கிறது. அவர் பிரைட் அடித்ததில் தப்பே இல்லை.

ஆகவே முதல் வேலை எடையைப் பார்ப்பது. தொட்டியை இரண்டு ஆக்சில்களுக்கும் நடுவே, முடிந்தவரை முன்னே நகர்த்த முடியுமா என்று வண்டியைக் கட்டியவரிடம் கேளுங்கள். முடியாது என்றால் இரவில் ஓட்டுகிற நாட்களில் தொட்டியைப் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். வால்பாறையில் தண்ணீருக்குப் பஞ்சம் இல்லை. பின் லீஃப் ஸ்பிரிங் பட்டைகள் பழையதாகி வளைவு போயிருந்தால் அதையும் பட்டறையில் காட்டிவிடுங்கள். சுமை இல்லாமலே வால் தாழ்ந்து நிற்கிற வண்டியில் ஹெட்லைட் ஃபோகஸ் வைப்பதில் அர்த்தமில்லை. டேஷ்போர்டில் ஹெட்லைட்டை ஏற்றி இறக்கும் சக்கரம் உங்கள் வண்டியில் இருந்தால் அதிர்ஷ்டம்தான், சுமைக்கு ஏற்ப அதைத் திருப்பிக்கொள்ளலாம். ஆனால் அது உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று சுவரில் அடித்துப் பாருங்கள். பழைய வண்டிகளில் பல நேரம் சக்கரம் சுற்றும், லைட் அசையாது.

அடுத்தது வோல்ட்டேஜ். பழைய வண்டிகளில் ஹெட்லைட்டுக்குப் போகும் மின்சாரம் முழுவதும் ஸ்டியரிங் அருகே இருக்கும் சுவிட்ச் வழியாகவே சுற்றி வரும். இருபது வருடத்தில் சுவிட்ச் முனை கருகும், கப்ளர் பச்சை பூக்கும், எர்த் போல்ட் துருப்பிடிக்கும். ஹாலஜன் பல்பின் குணம் என்னவென்றால், வோல்ட்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் 10 சதவீதம் குறையாது, கிட்டத்தட்ட 30 சதவீதம் குறையும். 13.2 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 11.9 வந்தால், மூன்று ரூபாய்க்கு இரண்டு ரூபாய் சரக்குதான் கிடைக்கிறது.

மல்டிமீட்டர் ஒன்று இருந்தால் நீங்களே பார்த்துவிடலாம். இன்ஜின் ஓடட்டும், லைட் எரியட்டும். முதலில் பேட்டரி முனைகளில் அளந்துகொள்ளுங்கள். அப்புறம் பல்பு மாட்டியிருக்கும்போதே ஹோல்டரின் பின்பக்கம் அளந்து பாருங்கள். வித்தியாசம் அரை வோல்ட்டுக்கு மேல் போனால் ஒயரிங்கில் கோளாறு. எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்க, மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை ஹோல்டரின் எர்த் முனையிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. கேம்பர் வேன்களில் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். உள்ளே ஃபிரிட்ஜ், விளக்கு, இன்வெர்ட்டர் என்று புதிதாக ஒயர் இழுத்தவர், பழைய எர்த் போல்டிலேயே எல்லாவற்றையும் கொண்டுவந்து முறுக்கியிருப்பார்.

இதற்கு மருந்து ரிலே, அதாவது சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச். பேட்டரி பாசிட்டிவிலிருந்து நேராக 4 சதுர மில்லிமீட்டர் ஒயர். பேட்டரிக்குப் பக்கத்திலேயே, ஒரு சாண் தூரத்துக்குள், 20 ஆம்பியர் பியூஸ். டிம்முக்கு ஒரு ரிலே, பிரைட்டுக்கு ஒரு ரிலே. அங்கிருந்து இரண்டு பல்புக்கும் 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர், பீங்கான் ஹோல்டர், எர்த்துக்கும் அதே கனத்தில் தனி ஒயர். பழைய சுவிட்ச் இனி ரிலேயைத் தூண்டும் வேலையை மட்டும் செய்யும். கார் எலக்ட்ரீசியனுக்கு அரை நாள் வேலை. ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்: ஹெட்லைட்டுக்கான மின்சாரம் வண்டியின் பேட்டரியிலிருந்துதான் வர வேண்டும், வீட்டு உபயோக பேட்டரியிலிருந்து அல்ல. இரவெல்லாம் மின்விசிறி ஓடிய பேட்டரியை நம்பி விடியற்காலையில் மலை இறங்க வேண்டாம்.

பல கேம்பர் வேன்களில் இந்த ரிலே மாட்டி, கண்ணாடியைத் துடைத்து, ஃபோகஸ் வைத்ததுமே உரிமையாளர்கள் "புது பல்பா போட்டீங்க?" என்று கேட்டிருக்கிறார்கள். அதே பழைய பல்புதான்.

சரி, அடுத்தது டூம், அதாவது பல்பு உட்காரும் ஹெட்லைட் கூடு. விளக்கின் முன்முகம் பிளாஸ்டிக்காக இருந்து மஞ்சளடித்திருந்தால், வாட்டர் பேப்பர் உப்புத்தாளில் 800, 1500, 2000 நம்பர் என்று படிப்படியாகத் தண்ணீர் விட்டுத் தேய்த்து, பாலிஷ் போட்டு, வெயிலைத் தாங்கும் கிளியர் கோட் அடிக்க வேண்டும். அந்தக் கடைசிப் பூச்சை விட்டுவிட்டால் சில மாதத்தில் மறுபடி மங்கும். பற்பசையில் தேய்க்கிற வித்தையும் அப்படித்தான், நிற்காது. உள்ளே ரிஃப்ளெக்டரின் வெள்ளி மங்கியிருந்தாலோ உரிந்திருந்தாலோ எந்தப் பல்பும் உதவாது, டூமை மாற்றிவிடுங்கள். மாற்றும்போது இந்தியாவுக்கான டூம்தானா என்று பாருங்கள். நாம் இடதுபக்கம் ஓட்டுகிறோம், அதனால் நம் டிம் லைட்டின் விளிம்பு வலதுபக்கம் மட்டமாகவும் இடதுபக்கம் சற்று ஏறியும் இருக்கும். வலதுபக்கம் ஓட்டும் நாடுகளுக்குச் செய்ததை ஆன்லைனில் வாங்கி மாட்டினால், ஏற வேண்டிய பக்கம் மாறி, எதிரே வருகிறவர் கண்ணில் போய் நிற்கும்.

இப்போது நீங்கள் கேட்ட பல்பு விஷயம். எச்4 பல்புக்குள் இரண்டு இழைகள். பிரைட் இழை ரிஃப்ளெக்டர் முழுவதையும் பயன்படுத்தும். டிம் இழைக்கு அடியில் மட்டும் ஒரு சின்ன உலோகக் கிண்ணம் இருக்கும். அது கீழே போகும் வெளிச்சத்தை மறைத்துவிடும். ஆக டிம் லைட் ரிஃப்ளெக்டரின் மேல்பாதியில் மட்டும் பட்டு, அங்கிருந்து கீழ்நோக்கித் திரும்பி ரோட்டில் விழுகிறது. எதிரே வருகிறவர் கண்ணைக் காப்பாற்றுவது இழை இருக்கும் இடமும் அந்தக் கிண்ணமும்தான். இடம் ஒரு மில்லிமீட்டர் மாறினாலும் விளிம்பு கலைந்துவிடும். எல்இடி பல்பில் இழை இல்லை. தட்டையான சில்லுகள் இரண்டு பக்கமும் ஒட்டியிருக்கும், நடுவில் உலோகத் தண்டு. ஹாலஜனுக்காக வடிவமைத்த ரிஃப்ளெக்டரில் இதை வைத்தால், வண்டிக்கு மிக அருகில் வெள்ளை வெளேரென்று வெளிச்சம் கொட்டும். ஓட்டுகிறவர் அசந்துபோவார். ஆனால் அருகில் பளிச்சென்று இருந்தால் கண்மணி சுருங்கி, தூரத்தில் தெரிய வேண்டியது தெரியாமல் போகும். நானே ஒருமுறை என் வேனில் மாட்டினேன். பட்டறை வாசலில் பார்க்கப் பிரமாதமாக இருந்தது. ஊர் எல்லை தாண்டுவதற்குள் மூன்று பஸ்காரர்கள் பிரைட் அடித்தார்கள். மறுநாளே கழற்றிவிட்டேன். எல்இடி வேண்டுமென்றால் எல்இடிக்காகவே வடிவமைத்து, இங்கே அங்கீகாரம் பெற்ற முழு டூம் உங்கள் வண்டிக்குக் கிடைத்தால் வாங்குங்கள். பல்பை மட்டும் மாற்றாதீர்கள்.

100/90 பல்பு இன்னும் மோசம். இரண்டு விளக்கும் சேர்ந்து பிரைட்டில் 16 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். பழைய ஒயரும் சுவிட்சும் உருகும், பிளாஸ்டிக் ஹோல்டர் கருகும், எஃப்சியிலும் (வண்டியின் தகுதிச் சான்று) பிரச்சினை வரும். புது பல்பு போட்டே ஆக வேண்டுமென்றால் அதே 60/55 வாட்டில் நல்ல கம்பெனியின் உயர்தர ஹாலஜன் வாங்குங்கள். தூரத்துக்குக் கொஞ்சம் கூடுதல் வெளிச்சம் தரும், ஆயுள் சற்றுக் குறைவு. நீலப் பூச்சு அடித்த பல்பு வேண்டாம். அந்தப் பூச்சே வெளிச்சத்தில் ஒரு பங்கைத் தின்றுவிடும்.

டூமின் மேல்பாதியில் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டுகிற பழக்கம் நம்மிடம் உண்டு. அதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மேலே சொன்னபடி எச்4 டிம் லைட் ரிஃப்ளெக்டரின் மேல்பாதியிலிருந்துதான் வருகிறது. அங்கே கறுப்பை ஒட்டினால் குறைவது உங்களுக்குத் தேவையான ரோட்டு வெளிச்சம்தான். உங்கள் வண்டியில் இருந்தால் உரித்துவிட்டு ஃபோகஸைச் சரியாக வையுங்கள். கண் கூசுவதற்குச் சரியான வைத்தியம் அதுதான்.

ஃபோகஸ் வைக்கும் முறை எளிது, மட்டமான தரை கிடைப்பதுதான் கஷ்டம். பெட்ரோல் பங்க் தரையில் தண்ணீர் வடிய சரிவு வைத்திருப்பார்கள், அங்கே வேண்டாம். கல்யாண மண்டபத்து கார் நிறுத்துமிடம் முகூர்த்தம் இல்லாத நாளில் நல்ல இடம், சுவரும் இருக்கும். டயரில் காற்று சரிபார்த்து, நீங்கள் வழக்கமாக இரவில் போகிற சுமையோடு வண்டியை நிறுத்துங்கள். தண்ணீர், சிலிண்டர், ஓட்டுநர் இருக்கையில் ஓர் ஆள், எல்லாம் இருக்கட்டும். இரண்டு முறை முன்னும் பின்னும் ஓட்டி ஸ்பிரிங்கைப் படியவிடுங்கள். விளக்கிலிருந்து சுவர் 10 மீட்டர். விளக்கின் மையம் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து, அதே உயரத்தில் சுவரில் ஒரு கோடு. அதற்கு 12 சென்டிமீட்டர் கீழே இன்னொரு கோடு. 10 சென்டிமீட்டர் என்று மேலே சொன்னேன்தான், உயரமான வண்டிக்கு இன்னும் கொஞ்சம் இறக்கி வைப்பதே மரியாதை. இரண்டு விளக்கின் மையத்துக்கும் நேராக இரண்டு செங்குத்துக் கோடுகள்.

ஒரு விளக்கைத் துணியால் மூடி, மற்றதை டிம்மில் போடுங்கள். டூமின் பின்னால் இரண்டு திருகுகள் இருக்கும், ஒன்று மேல்கீழ், ஒன்று பக்கவாட்டு. மட்டமான விளிம்பு கீழ்க்கோட்டில் அமர வேண்டும். இடதுபக்கம் ஏறத் தொடங்கும் முடிச்சு செங்குத்துக் கோட்டில் வர வேண்டும். டிம்மைச் சரியாக வைத்தால் பிரைட் தானாகச் சரியாகிவிடும், ஒரே பல்புதானே. சுமை இறக்கிய பிறகு இதே லைட் இன்னும் தாழும், 75 மீட்டருக்குப் பதில் 35 மீட்டரில் ரோட்டைத் தொடக்கூடும். அப்போது வேகத்தைக் குறைத்துத்தான் ஓட்ட வேண்டும். 60 கிலோமீட்டர் வேகத்தில் யோசித்து, பிரேக் அடித்து நிற்க 50 மீட்டருக்கு மேல் ஆகும்.

வால்பாறை ஏற்றத்தின் 40 கொண்டை ஊசி வளைவுகளுக்கு ஹெட்லைட் எவ்வளவு நன்றாக இருந்தாலும் முழுதாக உதவாது. அது நேரே பார்க்கும், ரோடு திரும்பும். அங்கே ஹெட்லைட்டுக்குக் கீழே தாழ்வாகப் பொருத்திய ஒரு ஜோடி ஃபாக் லேம்ப், அகலமாகப் பரவும் வெளிச்சத்தால், வளைவின் உள்விளிம்பைக் காட்டும். மஞ்சள் நிறம் பனியைக் கிழிக்கும் என்பார்கள். பனித்துளிக்கு நிறம் பெரிய வித்தியாசம் இல்லை. தாழ்வாக, மேலே சிதறாமல் அடிப்பதுதான் உதவுகிறது. கூரையில் எல்இடி பார் மட்டும் வேண்டாம். முன்பக்கம் ஸ்பாட் லைட் பொருத்துவதை மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 111-ஆவது விதி தடுக்கிறது. பனியிலும் மழையிலும் அது உங்கள் கண்ணுக்கு நேரே வெள்ளைத் திரைதான் கட்டும்.

எல்லாம் முடிந்ததும் ஒரு சோதனை. அதே விதிகளின் 106-ஆவது விதி, விளக்குக்கு 8 மீட்டர் முன்னால், விளக்கின் வலது ஓரத்திலிருந்து அரை மீட்டர் வலதுபக்கம் தள்ளி, தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்ணுக்குக் கூசக் கூடாது என்கிறது. தண்ணீர்த் தொட்டியை நிரப்பி, பிள்ளைகளைப் பின்கட்டிலில் உட்காரவைத்து, அந்த இடத்தில் வீட்டில் யாரையாவது நிற்கச் சொல்லி டிம் போட்டுப் பாருங்கள். அவர் முகத்தைத் திருப்பினால், மேல்கீழ் திருகை இன்னும் அரைச்சுற்று இறக்குங்கள்.