கடவுள் தீமையை வென்றுவிட்டார் என்றால், அவரை நம்புகிறவர்கள் ஏன் இன்னும் அடிபடுகிறார்கள்?

கேள்வியோடு ஒரு குறையும் சொல்லியிருக்கிறீர்கள்: சபையில் விடுதலை கிடைத்தவர்களின் சாட்சி மட்டும்தான் கேட்கிறது என்று. நியாயமான குறை. நான் சிங்கப்பூரில் ஒரு தமிழ்ச் சபைக்குப் போகிறவன். சாட்சி நேரத்தில் பி.ஆர். (நிரந்தரவாசத் தகுதி) கிடைத்தவர் மைக் பிடிப்பார், வீவக (அரசு வீடமைப்புக் கழக) வீடு கிடைத்தவர் பிடிப்பார், ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்று வந்தவர் பிடிப்பார். பி.ஆர். மறுபடியும் மறுக்கப்பட்டவர் பின்வரிசையில் உட்கார்ந்து கைதட்டுவார். (பி.ஆர். மறுப்பைத் தீமைக் கணக்கில் சேர்க்கலாமா என்பது வேறு விஷயம்.)

வேதம் இப்படிப் பொறுக்கி எடுத்துச் சொல்வதில்லை. அப்போஸ்தலர் 12-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஏரோது, யோவானின் சகோதரன் யாக்கோபைப் பட்டயத்தால் கொன்றான். ஒரே வசனம், அதோடு சரி. அடுத்து பேதுரு பிடிபடுகிறார். இரண்டு சங்கிலி, இரு பக்கமும் சேவகர். ஆனால் தேவதூதன் வருகிறான், இரும்புக் கதவு தானாகத் திறக்கிறது. இவருக்கு ஏன், அவருக்கு ஏன் இல்லை என்று இதை எழுதிய லூக்கா விளக்கவே இல்லை. பேதுருவுக்காக ஜெபித்தவர்களின் விசுவாசம் பெரிது என்றும் சொல்ல முடியாது. பேதுரு வாசலில் நிற்கிறார் என்று ரோதை என்ற வேலைக்காரப் பெண் ஓடிவந்து சொன்னபோது, ‘நீ பிதற்றுகிறாய்’ என்றவர்கள் அவர்கள். ‘உனக்கு விசுவாசம் போதவில்லை, அதனால்தான் விடுதலை வரவில்லை’ என்று யாராவது சொன்னால் இந்த அதிகாரத்தைக் காட்டுங்கள்.

அப்படியானால் வெற்றி எங்கே? எனக்குப் புரிந்தவரை, அடிப்பதோடு தீமைக்குத் திருப்தி வருவதில்லை. அடி வாங்கியவனையும் தன்னைப் போல ஆக்கிவிட்டால்தான் அது ஜெயித்த மாதிரி. சிலுவையில் அது பலிக்கவில்லை. ஆணியடித்தவர்களுக்காகவே இயேசு மன்னிப்பு வேண்டினார். கொலோசெயர் 2:15-இல் பவுல் வெற்றி என்று சொல்வது அந்தச் சிலுவையைத்தான். மூன்றாம் நாள் இயேசுவை உயிரோடு எழுப்பி, பிதா அதை உறுதிசெய்தார்.

இதற்கு எங்கள் ஊரிலேயே சாட்சி உண்டு. சிங்கப்பூர் ஜப்பானியர் பிடியில் இருந்த காலம். 1943 செப்டம்பரில் நேச நாட்டுக் கமாண்டோக்கள் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் ஜப்பானியக் கப்பல்களைத் தகர்த்தார்கள். சாங்கி சிறையில் இருந்தவர்கள் உளவு சொன்னதாகச் சந்தேகப்பட்டு, அக்டோபர் 10 முதல் கெம்பெய்தாய் என்ற ஜப்பானிய ராணுவப் போலீஸ் 57 பேரைப் பிடித்தது. 15 பேர் இறந்தார்கள். பிடிபட்டவர்களில் ஆங்கிலிக்கன் பேராயர் லெனர்ட் வில்சனும் ஒருவர். சிறைக்குள் பணமும் செய்தியும் அனுப்ப உதவிய எலிசபெத் சோய் என்ற ஆசிரியை, டோபி காட் பக்கம் இருந்த பழைய ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்தில் ஏறக்குறைய 200 நாள் அடைபட்டார். கணவர் கண்ணெதிரே அவருக்கு மின்சார அதிர்ச்சி கொடுத்தார்கள்.

இவர்களுக்கு எந்தக் கதவும் தானாகத் திறக்கவில்லை. ஆனால் வில்சன் தன்னை அடித்தவர்களுக்காக ஜெபித்தார். போருக்குப் பிறகு அவர்களில் ஒருவர் கிறிஸ்தவராகி, வில்சன் கையாலேயே திடப்படுத்தல் (சபையில் முழு அங்கத்தினராக்கும் சடங்கு) பெற்றார். எலிசபெத் சோயோ, தன்னை வதைத்தவர்களுக்கு மரண தண்டனை வாங்கித்தர மறுத்துவிட்டார். பொல்லாதது போர்தான் என்பது அவர் எண்ணம். தேவதூதன் வந்து திறந்த கதவுக்கு இது எந்த விதத்திலும் குறைந்த அற்புதமில்லை என்பேன்.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ள வேண்டாம். மன்னிப்பு என்றால் கணக்கே கேட்கக் கூடாது என்றில்லை. 1946-இல் இதே வழக்கில் கெம்பெய்தாய்காரர்கள் 21 பேர் விசாரிக்கப்பட்டு, 8 பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. வீட்டில் கணவன் கையால் அடிபடுகிற அக்காவிடம் போய் ‘வில்சனைப் போலப் பொறுத்துக்கொள்ளுங்கள்’ என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம்தான் வரும். வில்சன் தாமாகக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்காரவில்லையே. அந்த அக்காவை 999-இல் போலீஸை அழைக்கச் சொல்லுங்கள், கூடவே போங்கள். ஜெபத்தை டாக்சியிலேயே செய்துகொள்ளலாம்.