‘இன்னாடா’ மாட்டுகிறது, விஷம் தப்பிக்கிறது! – வாசகர் கேள்வி பதில்

வெறுப்புப் பேச்சு, வசை, ட்ரோல் பற்றி நடந்துள்ள ஆய்வுகளை வைத்து இந்த இதழில் வட சென்னை வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் தருகிறோம்.

எங்கள் ஏரியா பையன்கள் யூட்யூப் சேனல் நடத்துகிறார்கள். ‘இன்னாடா கஸ்மாலம், கலக்கிட்ட போ’ என்று நண்பன் பாராட்டினால் கமென்ட் காணாமல் போகிறது. ‘இவனுங்கள எல்லாம் ஊருக்கு வெளியவே வெச்சிருக்கணும்’ என்று எவனோ எழுதியது மட்டும் அப்படியே நிற்கிறது. இது என்ன நியாயம்?
– வாசகர், வியாசர்பாடி

நியாயம் இல்லைதான், ஆனால் காரணம் இருக்கிறது. கமென்ட்டை வடிகட்டும் மெஷின் தானாக எதையும் கற்றுக்கொள்வதில்லை. ஆயிரக்கணக்கான வாக்கியங்களை மனிதர்கள் படித்து, ‘இது வசை, இது வசையில்லை’ என்று லேபிள் ஒட்டிக் கொடுக்கிறார்கள். லேபிள் ஒட்டியவர் காதுக்கு மெட்ராஸ் பாஷையே சண்டையாகக் கேட்டால் மெஷினுக்கும் அப்படித்தான் கேட்கும்.

அமெரிக்காவில் இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் மார்ட்டன் சாப் குழு 2019-ல் வெளியிட்ட ஆய்வின்படி, கறுப்பின மக்களின் பேச்சு வழக்கில் எழுதிய ட்வீட்டுகளுக்கு ‘புண்படுத்துவது’ என்ற முத்திரை விழும் வாய்ப்பு மற்றவற்றைவிட 2 மடங்கு வரை அதிகம். ‘இது அவர்களுடைய வட்டார வழக்கு’ என்று லேபிள் போடுபவரிடம் முன்கூட்டியே சொன்னபோது அந்த முத்திரை குறைந்தது. மெட்ராஸ் பாஷைக்கும் இது அப்படியே பொருந்தும் என்பது எங்கள் கணிப்பு.

உங்கள் இரண்டாவது கமென்ட் தப்பிப்பதற்குக் காரணம் வேறு. அதில் ஒரு கெட்ட வார்த்தைகூட இல்லை. ‘ஊருக்கு வெளியே’ என்றால் நம் ஊரில் என்ன அர்த்தம் என்று உங்களுக்கும் எங்களுக்கும் தெரியும், மெஷினுக்குத் தெரியாது. தமிழும் ஆங்கிலமும் கலந்த யூட்யூப் கமென்ட்டுகளில் ஆய்வாளர்கள் பொதுவில் வைத்துள்ள பெரிய தொகுப்பில் சுமார் 44,000 கமென்ட்டுகள் உண்டு. அவை சினிமா டிரெய்லர்களுக்குக் கீழே எழுதப்பட்டவை. அதில் பழகிய மெஷினுக்கு ரசிகர் சண்டை அத்துப்படியாகலாம். சாதியைச் சொல்லாமலே சாதியைச் சொல்லும் வாக்கியம் பிடிபடுவது கஷ்டம்.

இப்போதைக்கு யூட்யூப் ஸ்டூடியோவில் பரிசீலனைக்காக நிறுத்தி வைக்கப்பட்ட கமென்ட்டுகளின் பகுதியைத் தினமும் திறந்து பாருங்கள். பாராட்டுகள் பலவும் அங்கேதான் கிடக்கும், கையால் விடுவியுங்கள். செட்டிங்ஸில் தடை செய்யும் சொற்களின் பட்டியல் ஒன்று உண்டு. அதில் ‘கஸ்மாலம்’, ‘சோமாரி’ எல்லாம் போடாதீர்கள். உங்கள் மக்களைக் குறிவைத்து வரும் சொற்றொடர்களைப் போடுங்கள், ஆங்கில எழுத்தில் எத்தனை விதமாக எழுதுகிறார்களோ அத்தனை விதத்திலும்.

ஏரியாவையும் ஹேர்ஸ்டைலையும் வைத்து எங்கள் பையன்களை ‘புள்ளிங்கோ’ என்று கேலி செய்வது வெறுப்புப் பேச்சா?
– வாசகர், ராயபுரம்

யார், யாரை, எதற்காக என்பதைப் பொறுத்தது. ஐ.நா.வின் 2019 செயல்திட்டம் தரும் விளக்கத்தின் சாரம் இது: ஒருவர் ‘யார்’ என்பதை வைத்து, அதாவது மதம், இனம், நாடு, நிறம், வம்சாவளி, பாலினம் போன்ற அடையாளத்தை வைத்து, தாக்குவதும் இழிவுபடுத்துவதும் வெறுப்புப் பேச்சு. வம்சாவளி என்பதில் சாதியும் அடங்கும் என்று ஐ.நா.வின் இனப்பாகுபாட்டு ஒழிப்புக் குழு 2002-லேயே தெளிவாக்கிவிட்டது. அந்தப் பட்டியலில் ஏரியாவும் ஹேர்ஸ்டைலும் இல்லை. ஆனால் ஏரியாவையும் முடிக் கலரையும் சொல்லிச் சாதியையும் ஏழ்மையையும் குத்துவது நம் ஊருக்குப் புதிதா என்ன? பையன்களே தங்களை அப்படிச் சொல்லிக்கொண்டு பாடினால் அது வேறு. ‘புள்ளிங்கோவுக்கெல்லாம் வீடு வாடகைக்கு விடாதீங்க’ என்றால் சந்தேகமே வேண்டாம்.

முதுகலை ப்ராஜெக்ட்டுக்காக, வட சென்னை பற்றிய செய்தி வீடியோக்களின் கமென்ட்டுகளில் எவ்வளவு வெறுப்பு இருக்கிறது என்று பார்க்க நினைக்கிறேன். 4 மாதம் இருக்கிறது. லேபிள் போடத் தோழி உதவுவாள். எங்கிருந்து ஆரம்பிப்பது?
– மாணவி, பழைய வண்ணாரப்பேட்டை

முதலில் கேள்வியைச் சுருக்குங்கள். ‘எவ்வளவு இருக்கிறது’ என்று கேட்டால் பதில் எங்கும் போய்ச் சேராது. ‘குற்றச் செய்திக்குக் கீழே வரும் வெறுப்பு, எண்ணூர் எண்ணெய்க் கசிவு மாதிரியான செய்திக்குக் கீழும் வருகிறதா?’ என்று கேட்டால் ஒப்பிட முடியும். 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர்க் கழிமுகத்தில் படிந்தபோது நிறைய வீடியோக்கள் வந்தன. அவற்றில் 20, குற்றச் செய்தி வீடியோ 20, ஒவ்வொன்றிலும் 50 கமென்ட் என்றால் மொத்தம் 2,000. மணிக்கு 100 என்று வைத்தாலும் ஒருவருக்கு 20 மணி நேர வேலை. நான்கு மாதத்துக்கு இது போதும்.

எடுக்கும்போதுதான் பெரிய தவறுகள் நடக்கும். கெட்ட வார்த்தையைத் தேடி எடுக்காதீர்கள். அப்படி எடுத்தால் கெட்ட வார்த்தை இருக்கிறது என்பதைத்தான் கண்டுபிடிப்பீர்கள். யூட்யூப் மேலே தூக்கிக் காட்டும் 50 கமென்ட்டுகளும் வேண்டாம், மொத்தத்தையும் இறக்கிக்கொண்டு குலுக்கி எடுங்கள். ஒருவரிடமிருந்து அதிகபட்சம் 2 கமென்ட்தான் என்று வரம்பு வையுங்கள். இது ஏன் முக்கியம் என்றால், 2016-ல் வெளியாகி உலகம் முழுக்கப் பயன்பட்ட ஒரு ட்விட்டர் தொகுப்பில் ‘இனவெறி’ என்று குறித்த ட்வீட்டுகள் ஏறக்குறைய எல்லாமே ஒரே ஆள் எழுதியவை என்று பின்னால் தெரியவந்தது. அதில் பழகிய மெஷின் இனவெறியைக் கற்கவில்லை, அந்த ஒரு ஆளின் எழுத்து நடையைக் கற்றுக்கொண்டது!

பதில் கமென்ட்டாக இருந்தால், எதற்குப் பதில் என்பதையும் சேர்த்தே எடுங்கள். ‘ஆமா, எல்லாரையும் தூக்கணும்’ என்பதற்குத் தனியாக அர்த்தமே கிடையாது. பெயர்களை நீக்கி எண் கொடுங்கள். ஆய்வேட்டில் கமென்ட்டை எழுத்துக்கு எழுத்து எடுத்துப் போட்டால், அதைத் தேடியே எழுதியவரைப் பிடித்துவிட முடியும். அதனால் லேசாக மாற்றி எழுதுங்கள்.

லேபிள்கள் நான்கு போதும்: ஒன்றுமில்லை, யாரையும் குறிக்காத வசை, தனிநபரைத் தாக்குவது, குழுவைத் தாக்குவது. நான்காவது என்றால் எந்தக் குழு என்று தனிக் கட்டத்தில் எழுதுங்கள். சாதி, மதம், ஏரியா, பெண்கள், திருநங்கைகள், வட மாநிலத் தொழிலாளர்கள் என்று பிரித்துக்கொள்ளுங்கள். கடைசியில் உள்ளதை மறந்துவிடாதீர்கள். நாம் திட்டு வாங்கும் அதே வீடியோவில் நாம் திட்டுவதும் இருக்கும்.

பிறகு நீங்களும் தோழியும் தனித்தனியாக, கலந்து பேசாமல், ஒரே 100 கமென்ட்டுக்கு லேபிள் போடுங்கள். ஒத்துப்போகாதவற்றை எடுத்துவைத்துச் சண்டை போட்டு, அந்தத் தீர்ப்புகளை விதிகளாக எழுதி வையுங்கள். அதற்குப் பிறகு புதிதாக 200 கமென்ட்டை இருவரும் தனித்தனியே பாருங்கள். ஒத்துப்போவதை அளக்கக் கோஹனின் கப்பா என்ற கணக்கு இருக்கிறது. வெறும் சதவீதம் ஏமாற்றும் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

எளிமைக்காக, குழுவைத் தாக்குவதை ‘வெறுப்பு’ என்றும் மற்ற மூன்று லேபிள்களையும் ‘இல்லை’ என்றும் வைப்போம். முதல் காட்சி: 200-ல் 30-ஐ இருவரும் ‘வெறுப்பு’ என்கிறீர்கள், 150-ஐ இருவரும் ‘இல்லை’ என்கிறீர்கள், மீதி 20-ல் முரண், 10-ஐ நீங்கள் மட்டும், 10-ஐத் தோழி மட்டும் ‘வெறுப்பு’ என்கிறீர்கள். ஒத்துப்போனது 90%. ஆளுக்கு 40 முறை, அதாவது 20%, ‘வெறுப்பு’ சொல்லியிருக்கிறீர்கள். கண்ணை மூடிக்கொண்டு போட்டாலும் 0.2×0.2 + 0.8×0.8 = 0.68 அளவுக்கு ஒத்துப்போகும். கப்பா (0.90 − 0.68) ÷ (1 − 0.68), அதாவது 0.69. பரவாயில்லை.

இரண்டாவது காட்சி: இருவரும் ‘வெறுப்பு’ என்றது 4, இருவரும் ‘இல்லை’ என்றது 180, முரண் 16, ஆளுக்கு 8. ஒத்துப்போனது 92%, முன்னதைவிட அதிகம். ஆனால் ஆளுக்கு 12 முறைதான், அதாவது 6%தான், ‘வெறுப்பு’ என்றிருக்கிறீர்கள். தற்செயல் ஒப்பு 0.887 ஆகிவிடுகிறது, கப்பா 0.29-க்கு விழுகிறது. வெறுப்பு எது என்பதில் உங்களுக்குள் ஒற்றுமையே இல்லை, ‘ஒன்றுமில்லை’ என்ற பெருங்கூட்டம் அதை மறைத்துவிட்டது. வெறுப்புப் பேச்சு ஆய்வுகளில் அடிக்கடி நடப்பது இதுதான். கப்பா 0.6-க்குக் கீழே போனால் விதிகளைத் திருத்தி, புதிய 200 எடுத்து மறுபடி பாருங்கள். பழைய 200-லேயே திரும்பப் பார்த்து எண்ணை ஏற்றுவது கள்ளாட்டம்.

முடிவு எட்டாதவற்றுக்கு மூன்றாவதாக ஒருவர் வேண்டும். மூவரில் ஒருவராவது அந்தந்த ஏரியாவில் வளர்ந்தவராக இருக்கட்டும். ஒரே மூச்சில் 2 மணி நேரத்துக்கு மேல் உட்காராதீர்கள். மனசும் கெடும், லேபிளும் கெடும். தொடர்ந்து வசையையே படித்தால் 150-ஆவது கமென்ட்டில் எல்லாமே சாதாரணமாகத் தெரிய ஆரம்பித்துவிடும்.

மகன் கல்லூரி முதலாண்டு. ‘ரூட்டு’ (ஒரே பஸ், ரயில் வழியில் கல்லூரிக்கு வரும் மாணவர் கூட்டம்) வாட்ஸ்அப் குரூப்பில் எதிர்க் கல்லூரிப் பையன்களைப் பற்றி வரும் மெசேஜ்களைப் பார்த்தால் வயிற்றைக் கலக்குகிறது. வீட்டில் அவ்வளவு சாதுவான பிள்ளை!
– வாசகி, திருவொற்றியூர்

சாதுவான பிள்ளைதான், நம்புங்கள். ஹென்றி டாஜ்ஃபெல் என்ற உளவியலாளர் 1970 வாக்கில் பிரிஸ்டல் பள்ளி மாணவர்களிடம் க்ளே, காண்டின்ஸ்கி என்ற இரு ஓவியர்களின் ஓவியங்களைக் காட்டி, ‘உனக்கு க்ளே பிடிக்கும், உனக்குக் காண்டின்ஸ்கி பிடிக்கும்’ என்று சும்மா இரண்டாகப் பிரித்தார். எதிர் அணியில் யார் இருக்கிறார்கள் என்றுகூட அவர்களுக்குத் தெரியாது. அப்படியும் காசு பிரிக்கும்போது தங்கள் அணிக்கே சாய்ந்தார்கள். ஓவியத்துக்கே இப்படியென்றால் பஸ் ரூட்டுக்கும் கானாவுக்கும் ‘தல’க்கும் கேட்க வேண்டுமா?

மெசேஜ்களைத் தரம் பிரியுங்கள். சூசன் பெனஷ் என்ற ஆய்வாளர் ‘ஆபத்தான பேச்சு’ என்று தனியாக ஒன்றைப் பிரித்து, பேசுபவர், கேட்பவர், செய்தி, சூழல், வந்து சேரும் வழி என்று ஐந்தையும் பார்க்கச் சொல்கிறார். ‘நாங்கதான் கெத்து’ என்பது வாய்ச் சவடால். எதிராளியை நாய், பூச்சி என்பது ஒரு படி மேல். ‘அவனுங்க நம்மள அடிக்க வர்றானுங்க, நாம முந்திக்கணும்’ என்று வந்தால் உஷாராக வேண்டும். கலவரங்களுக்கு முன்னால் பல நாடுகளில் பதிவாகியிருக்கும் பேச்சு அது. அதோடு இடமும் நேரமும் சேர்ந்து, ‘நாளைக்குக் காலைல ஸ்டேஷன்ல’ என்று வந்தால் மகனோடு வாதாடிக்கொண்டிருக்காமல் 112-க்குச் சொல்லுங்கள், ரயில் என்றால் 139.

போனைப் பிடுங்கினால் வேறு போனில் குரூப் ஓடும். கல்லூரி நிர்வாகத்திடம் பேச வாய்ப்பிருந்தால் இதைச் சொல்லுங்கள். எலிசபெத் லெவி பாலக் குழு நியூஜெர்சியில் 56 பள்ளிகளில் ஒரு சோதனை நடத்தியது. ஒரு சிறு மாணவர் குழுவிடமே சண்டைக்கு எதிரான பிரசாரத்தைக் கொடுத்தார்கள். ஓராண்டில் மோதல் தொடர்பான ஒழுங்கு நடவடிக்கைகள் சுமார் 25% குறைந்தன. அந்தக் குழுவில் எல்லாரும் திரும்பிப் பார்க்கும் பையன்களும் பெண்களும் இருந்தால் பலன் இன்னும் அதிகம். நம் கல்லூரிகளிலோ ரூட்டு தலயைத்தான் முதலில் சஸ்பெண்ட் செய்கிறோம். அடிதடியில் இறங்கியவனுக்குத் தண்டனை வேண்டியதுதான், அதற்குப் பிறகு அந்த இடத்துக்கு அடுத்த தல வருவான். அவனிடம் யாராவது பேசுகிறார்களா?

குடியிருப்போர் சங்க ஃபேஸ்புக் குரூப்புக்கு நான் அட்மின். குப்பை லாரி வரவில்லை என்று ஆரம்பித்து மதச் சண்டையில் முடிகிறது. கமென்ட்டை நீக்கினால் பலன் உண்டா?
– வாசகர், பெரம்பூர்

உண்டு, சீக்கிரம் செய்தால். ஸ்டான்ஃபோர்டு, கார்னெல் ஆய்வாளர்கள் 2017-ல் வெளியிட்ட சோதனையில், மனநிலை நன்றாக இருந்து, முன்னால் இருந்த கமென்ட்டுகளும் ஒழுங்காக இருந்தபோது 35% பேர் வம்பாக எழுதினார்கள். மனநிலையும் கெட்டு முன்னால் வம்பும் இருந்தபோது அது 68%. அதாவது, பிறவி வம்பர்கள் மட்டும் இல்லை, யார் வேண்டுமானாலும் ஆவார்கள். எனவே முதல் நாலைந்து கமென்ட்டில்தான் காவல் வேண்டும். ராத்திரியில் வம்பு அதிகம் என்றும் அதே ஆய்வு சொல்கிறது. பத்து மணிக்கு மேல் புதுப் பதிவுகளை நிறுத்திவைத்துக் காலையில் விடுங்கள்.

சாதிப் பெயரைச் சொல்லி ஆன்லைனில் திட்டினால் எந்தச் சட்டம்?
– வாசகர், கொருக்குப்பேட்டை

இந்தியச் சட்டத்தில் ‘வெறுப்புப் பேச்சு’ என்று தனிக் குற்றம் கிடையாது. சட்ட ஆணையம் 2017-ல் தன் 267-ஆவது அறிக்கையில் புதிய பிரிவுகளைப் பரிந்துரைத்தது, அது அப்படியே நிற்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015-லேயே ரத்து செய்துவிட்டதால் அதைச் சொல்லிப் புகார் எழுதாதீர்கள். பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் அல்லது பழங்குடியினர் என்றால் 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பிரிவு 3(1)-ன் ஆர், எஸ் உட்பிரிவுகள். இவை பொருந்த, திட்டியது பொதுப் பார்வையில், அதாவது மற்றவர்கள் பார்க்கும்படி, நடந்திருக்க வேண்டும். தனிநபரைச் சொல்லாமல் அந்தச் சமூகத்தின் மீதே பகையைத் தூண்டினால் யு உட்பிரிவு. தண்டனை 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை. மற்றபடி, குழுக்களுக்கிடையே பகை மூட்டுவதற்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) பிரிவு 196.

ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. கமென்ட்டின் லிங்க், எழுதிய கணக்கின் லிங்க், தேதி, நேரம், அதற்கு மேலும் கீழும் உள்ள கமென்ட்டுகள் எல்லாம் தெரிய, திரையை மெதுவாக உருட்டி வீடியோவாகப் பதிவு செய்யுங்கள். அந்தக் கோப்பை க்ராப் செய்யாமல், வாட்ஸ்அப்பில் அனுப்பாமல், எடுத்த போனிலேயே வையுங்கள். அனுப்பினால் கோப்பு சுருங்கிவிடும், ஹாஷ் மதிப்பு (கோப்பின் கைரேகை மாதிரியான எண்) மாறிவிடும். நீதிமன்றத்தில் பாரதிய சாட்சிய சட்டம் 63-ன்படி சான்றிதழ் தரும்போது அந்த மதிப்பைத்தான் கேட்பார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்கை விசாரிப்பவர் டி.எஸ்.பி. பதவிக்குக் குறையாதவராக இருக்க வேண்டும், சென்னை மாநகரில் என்றால் உதவி ஆணையர். புகாரை ஸ்டேஷனில் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.