கூத்தைச் சுருக்கிப் போட்டால் சிலர் ஏன் கோபப்படுகிறார்கள்?

கொழும்பு மண்டபம் ஒன்றில் ஒன்றரை மணி நேரக் கூத்தைப் பார்த்து நீங்கள் கண்கலங்கினீர்கள். மட்டக்களப்பில் வளர்ந்த அப்பாவோ "இது கூத்தே இல்லை" என்று பாதியில் எழுந்துவிட்டார். ஏன் என்று கேட்கிறீர்கள்.

ஊரில் கூத்து விடிய விடிய நடக்கும். வட்டக்களரி என்ற வட்டமான ஆடுகளத்தைச் சுற்றிச் சனம் இருக்கும். ஒரு பாத்திரம் களரிக்கு வந்தால் வரவு ஆட்டமே நீண்ட நேரம் போகும். ஆடுபவர் மைத்துனராகவோ அயலவராகவோ இருப்பார். மத்தளம் அடித்துக் கூத்தைப் பழக்கும் ஆசானான அண்ணாவியாரைச் சின்ன வயதிலிருந்தே தெரியும். இடையில் தேத்தண்ணி குடிக்கலாம், கொஞ்சம் கண்ணயரலாம், மறுபடி வந்து இருக்கலாம். கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். அவர்கள் பார்க்க வருவது ஆட்டத்தை.

1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் இதைச் சுருக்கி, ஒரு பக்கமிருந்து மட்டும் பார்க்கும் படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்தார். 1964இல் வந்த 'இராவணேசன்' அதில் முக்கியமானது. திரும்பத் திரும்ப வரும் பாட்டுகள் குறைந்தன. நடிப்பும் இராவணனின் மனப்போராட்டமும் முன்னுக்கு வந்தன. நீங்கள் பார்த்ததும் அந்த வழியில் வந்ததுதான். அந்த இறுக்கம் உங்களை அழவைத்தது. அப்பாவுக்கு அதே இறுக்கத்தில் மூச்சு முட்டியிருக்கும்.

எனக்குச் சுருக்கிய வடிவம் பிடிக்கும். அது இல்லாவிட்டால் கொழும்பு வெள்ளவத்தையில் வளர்ந்த நான் கூத்தையே பார்த்திருக்க மாட்டேன். ஆனாலும் ஒலிபெருக்கிச் சத்தத்தில் சலங்கை ஒலி அமுங்கிப்போகும்போது எனக்கும் வயிறு எரியும். எந்த ஆட்டத்தை வெட்டிவிட்டார்கள் என்று அப்பாவிடம் கேளுங்கள். எழுந்து ஆடிக் காட்டினாலும் காட்டுவார்.