சைக்கிளில் கிழக்குக் கரைக்கு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: நாங்கள் நண்பர்கள் நால்வர். ஓகஸ்ட் மாதத்தில் பண்டாரவளையிலிருந்து புறப்பட்டு, கீழிறங்கிப் பொத்துவிலை அடைந்து, அங்கிருந்து கடலோரமாகவே திருகோணமலை வரை சைக்கிளில் செல்ல எண்ணியுள்ளோம். மலையில் ஏறி இறங்கிப் பழகிய எங்களுக்குச் சமதரை பெரிய சிரமம் தராது என்று நம்புகிறோம். எத்தனை நாள் தேவைப்படும்? எவ்வாறு திட்டமிட வேண்டும்?
– வாசகர், தலவாக்கலை

பதில்: உங்கள் கடிதத்தில் நான் உடன்படாத இடம் ஒன்றே ஒன்றுதான், சமதரை சிரமம் தராது என்று நீங்கள் எழுதியிருப்பது. மலைப்பாதையில் ஒரு மணித்தியாலம் மூச்சுவாங்க மிதித்தால், அதன்பின் பெடலைத் தொடாமலேயே இறங்கிச் செல்ல ஓர் இறக்கம் வரும். கால்களும் முதுகும் அந்த நேரத்தில் இளைப்பாறிக்கொள்ளும். அக்கரைப்பற்றுக்கும் கல்முனைக்கும் இடையில் அப்படியொரு இறக்கம் கிடையாது. மிதிப்பதை நிறுத்தினால் சைக்கிளும் நின்றுவிடும் என்பதால், நான்கைந்து மணித்தியாலம் இருக்கையை விட்டு எழாமல் ஒரே தாளத்தில் மிதித்துக்கொண்டிருக்க வேண்டும். தொடை வலிக்கும் முன்னரே பிட்டமும் மணிக்கட்டும் வலிக்கத் தொடங்கிவிடும்.

அதற்கு மேல் வெயில். நுவரெலியாவின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை 16 பாகை செல்சியஸ் அளவில்தான் இருக்கிறது. தலவாக்கலை அதைவிடச் சற்றுச் சூடு, அவ்வளவே. ஓகஸ்ட் மாதத்து மட்டக்களப்பிலோ நண்பகல் வெப்பம் 33, 34 பாகையைத் தொடும். உடல் புதிய வெப்பத்துக்குப் பழக ஒன்று முதல் இரண்டு வாரம் வரை எடுக்கும் என்பதால், பயணம் முடிந்து வீடு திரும்பும் நாளில்கூட நீங்கள் முழுமையாகப் பழகியிருக்க மாட்டீர்கள். ஆகவே கரையில் ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் செல்வது என்பதை முதலில் தீர்மானித்துக்கொண்டு, மற்ற எல்லாவற்றையும் அதற்கேற்ப அமையுங்கள். அதிகாலை ஐந்தரை, ஆறு மணிக்குப் புறப்பட்டு, பதினொரு மணிக்கு நிழல் தேடி ஒதுங்கிவிடுவதானால் 70 கிலோமீற்றர் என்பது நியாயமான கணக்கு.

பண்டாரவளையிலிருந்து எல்ல, வெல்லவாய, மொனராகலை, பொத்துவில், மட்டக்களப்பு வழியாகத் திருகோணமலை வரை மொத்தத் தூரம் 400 கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவாக வரும். வெல்லவாயவிலிருந்து மட்டக்களப்பு வரை நீங்கள் பிடிக்கப்போவது, கொழும்பில் தொடங்கி இரத்தினபுரி, பெரகல வழியாக வருகிற அதே ஏ 4 வீதியைத்தான். மட்டக்களப்புக்கு அப்பால் ஏ 15. ஆறு நாள் வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் மொனராகலை, இரண்டாம் நாள் பொத்துவில், மூன்றாம் நாள் கல்முனை, நான்காம் நாள் மட்டக்களப்பு என்று போய், ஐந்தாம் நாள் வாகரையில் தங்கி, ஆறாம் நாள் வெருகல், மூதூர், கிண்ணியா வழியாகத் திருகோணமலையை அடையலாம். நான்காம் நாளைக் குறுகியதாக வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. அதற்குள் உங்களில் ஒருவருக்காவது ஓய்வு தேவைப்பட்டிருக்கும்.

மொனராகலை–பொத்துவில் பகுதியில் மாத்திரம் அதிகாலைப் பயணம் என்ற விதியைச் சற்றுத் தளர்த்த வேண்டும். சியம்பலாண்டுவவுக்கு அப்பால் வீதி லாகுகலைத் தேசியப் பூங்காவை ஒட்டிச் செல்கிறது. விடியற்காலையிலும் மாலையிலும் யானைகள் வீதியைக் கடக்கும். மொனராகலையில் ஆறு மணிக்குப் புறப்பட்டால், வெளிச்சம் நன்றாக ஏறிய பிறகு, வாகனங்களும் ஓடத் தொடங்கிய நேரத்தில் அப்பகுதியை அடைவீர்கள். யானை வீதியில் நின்றால் படம் எடுக்க நெருங்காமல், தூரத்திலேயே நின்று, பஸ் அல்லது லொறி ஒன்று வரும்வரை காத்திருங்கள். நால்வரும் ஒன்றாகவே செல்லுங்கள்.

காலத்தைப் பொறுத்தவரை உங்கள் தெரிவு சரியானது. ஊவாத் தேயிலைக்கு நல்ல விலை கிடைக்கும் ஜூலை முதல் செப்டெம்பர் வரையான பருவத்தில், மலையைத் தாண்டிக் கிழக்கு நோக்கி வீசும் அந்த வறண்ட காற்றை நம் தோட்டங்களில் அறியாதவர் இல்லை. அதுவே மட்டக்களப்பில் கச்சான் காற்று. அது மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வருவதால், தெற்கேயிருந்து வடக்கே செல்பவருக்குப் பக்கவாட்டிலோ பின்னாலோ தான் அடிக்கும். திருகோணமலையில் தொடங்கித் தெற்கே வருபவர் அதனோடு மல்லுக்கட்ட நேரிடும். பிற்பகலில் கடற்காற்று எழுந்து வலப்பக்கமாக முகத்தில் அறையத் தொடங்கும். பதினொரு மணிக்கு நிறுத்தச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். ஒக்டோபர் முதல் ஜனவரி வரை இந்தப் பயணத்தை நினைத்தும் பார்க்க வேண்டாம். கிழக்கில் வெள்ளமும் ஊவாச் சரிவுகளில் மண்சரிவும் வரும் மாதங்கள் அவை. கொஸ்லந்தை மீரியபெத்தையை மண் மூடியது 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி என்பதை நம்மவர்க்கு நினைவூட்டத் தேவையில்லை.

புறப்படுவதற்கு முன் ஒரு விடுமுறை நாளில் வெல்லவாயவுக்கு இறங்கி, புத்தல வீதியில் வெயில் ஏறிய பிறகு 40 கிலோமீற்றர் ஓட்டிப் பாருங்கள். நானுஓயா ஏற்றத்தில் பத்துத் தடவை பயிற்சி செய்வதைவிட அது உங்களுக்கு அதிகம் கற்றுத்தரும்.

கேள்வி: எல்ல–வெல்லவாய வீதியில் சைக்கிளில் இறங்குவது ஆபத்தானது என்று வீட்டில் தடுக்கிறார்கள். என்னுடையது ரிம்மில் பிடிக்கும் சாதாரண பிரேக். பயம் நியாயமானதா?
– வாசகர், ஹாலி-எல

பதில்: நியாயமானதே. ஆனால் தவிர்க்கக்கூடிய ஆபத்து அது. எல்ல கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,040 மீற்றர் உயரத்திலும், வெல்லவாய 200 மீற்றருக்கும் குறைவான உயரத்திலும் இருக்கின்றன. நீங்களும் சைக்கிளும் மூட்டையும் சேர்ந்து 90 கிலோகிராம் என்று வைத்துக்கொண்டால், 850 மீற்றர் இறங்கும்போது வெளிப்படும் சக்தி சுமார் 750 கிலோஜூல். அது இரண்டு லீற்றருக்கு மேற்பட்ட பச்சைத் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமானது. ஒரு லயத்து வீட்டின் காலைத் தேநீருக்குக் கேத்தலில் ஏறும் சூடு அத்தனையும் உங்கள் இரண்டு ரிம்களிலும் இறங்குகிறது என்று எண்ணிப் பாருங்கள். வேகமாகச் செல்பவருக்கு இதில் ஒரு பகுதியைக் காற்று வாங்கிக்கொள்ளும். பயந்து பயந்து பிரேக்கை விடாமல் பிடித்தபடி இறங்குபவருக்கோ, ஏறக்குறைய முழுவதும் ரிம்முக்கே போகும். ரிம் சூடேறினால் டியூப்புக்குள் இருக்கும் காற்று விரிந்து, வளைவின் நடுவில் டியூப் வெடிக்கலாம். நிதானமாகப் போகிறவரே இவ்வாறு விழுவதைக் கண்டு பலரும் வியப்பது இதனால்தான்.

ஆகவே பிரேக்கைத் தொடர்ந்து உரசவிடாதீர்கள். வளைவு வருவதற்கு முன், சைக்கிள் நேராக இருக்கும்போதே, இரண்டு பிரேக்கையும் அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, பின்னர் முழுவதுமாக விட்டுவிடுங்கள். விட்ட அந்தச் சில விநாடிகளில் ரிம் காற்றுப் பட்டு ஆறும். நீண்ட நேரான இறக்கங்களில் முன், பின் பிரேக்குகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். சில கிலோமீற்றருக்கு ஒரு தடவை கட்டாயமாக நின்று, ரிம்மில் இரண்டு துளி தண்ணீர் விட்டுப் பாருங்கள். சீறினால் ஆறும்வரை புறப்பட வேண்டாம். எல்லவிலிருந்து இறங்கும் வழியிலேயே இராவணா எல்ல நீர்வீழ்ச்சி இருப்பது நிற்பதற்கு நல்ல சாட்டு, அங்குள்ள குரங்குகளிடமிருந்து உங்கள் சாப்பாட்டுப் பொதியைக் காப்பாற்ற முடியுமானால். பிரேக் கட்டைகளைப் பயணத்துக்கு முன் புதிதாக மாற்றி, இன்னொரு சோடியையும் பையில் வைத்துக்கொள்ளுங்கள். மழை பெய்து வீதி நனைந்திருந்தால் பஸ்ஸில் இறங்குங்கள். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

ஹப்புத்தளைப் பக்கத்தவர்கள் பெரகல, கொஸ்லந்தை வழியாக, 220 மீற்றர் உயரத்திலிருந்து விழும் தியலும நீர்வீழ்ச்சியைக் கடந்தும் வெல்லவாயவை அடையலாம். பசறைக்காரர்களுக்குப் படல்கும்புர வழியாக மொனராகலைக்கு நேர் வீதி உண்டு. மேற்சொன்ன எச்சரிக்கை மூன்று வழிக்கும் ஒன்றுதான்.

கேள்வி: பொத்துவிலிலிருந்து வடக்கே செல்லாமல், கடற்கரையோரமாகவே தெற்கே கதிர்காமம் வரை சைக்கிளில் போக முடியுமா? வரைபடத்தில் பாதை போலத் தெரிகிறது.
– வாசகர், மஸ்கெலியா

பதில்: முடியாது. பாணமை வரை நல்ல வீதி உண்டு. அதற்கப்பால் உகந்தை முருகன் கோயில் வரை மண்பாதை. அங்கே குமண தேசியப் பூங்கா தொடங்குகிறது, அதைத் தொடர்ந்து யால. நீங்கள் வரைபடத்தில் கண்டது பெரும்பாலும் பாத யாத்திரைக்காரர்களின் காட்டுப்பாதையாக இருக்கும். கதிர்காமத் திருவிழாவை ஒட்டி, அறிவிக்கப்படும் சில நாட்களுக்கு மாத்திரம், நடந்து செல்வோருக்காக அது திறக்கப்படுகிறது. சைக்கிளுக்கு அதில் இடமில்லை. கதிர்காமம் செல்ல விரும்பினால் புத்தலவுக்குத் திரும்ப வேண்டும். ஆனால் புத்தல–கதிர்காம வீதியில் யானைகள் வாகனங்களை மறித்து உணவு கேட்டுப் பழகிவிட்டன. கண்ணாடி மூடிய வாகனத்தில் இருப்பவரே அஞ்சும் இடத்தில் சைக்கிளில் போகுமாறு நான் யாருக்கும் சொல்லமாட்டேன். உகந்தையைத் தரிசித்துவிட்டு, பகல் வெளிச்சத்திலேயே பொத்துவிலுக்குத் திரும்பிவிடுங்கள்.

கேள்வி: பிரதான வீதியில் பஸ்களின் வேகம் அச்சமூட்டுகிறது. கரையோரத்தில் அமைதியான மாற்றுப் பாதைகள் உண்டா? கரடுமுரடான டயரோடு மணலில் ஓட்டலாமா?
– வாசகர், மாத்தளை

பதில்: கடற்கரை மணலில் சுமையேற்றிய சைக்கிளை ஓட்ட முடியாது, தள்ளத்தான் முடியும். மணலை மறந்துவிட்டு, கரடுமுரடான டயரைக் கழற்றி, மழமழப்பான ஒன்றரை அங்குல டயர் போடுங்கள். வீதி முழுவதும் கார்ப்பெட் என்பதால் மிதிக்கும் பலம் வீணாகாது. உப்புக்காற்று செயினைச் சீக்கிரம் துருப்பிடிக்கச் செய்யும்; ஒவ்வொரு மாலையும் துடைத்து எண்ணெய் விடுங்கள்.

மாற்றுப் பாதை என்று கேட்டால், மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையைத்தான் சொல்வேன். களுவாஞ்சிகுடிக்கு அருகே பட்டிருப்புப் பாலத்தால் வாவியைக் கடந்து, வயல்களுக்கு ஊடாக வடக்கே சென்று, கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் கோயிலைத் தரிசித்து, மண்முனைப் பாலத்தால் மீண்டும் எழுவான்கரைக்கு வரலாம். 2014இல் அந்தப் பாலம் திறக்கப்படும் வரை அங்கே படகுப்பாதைதான் இருந்தது. இந்தச் சுற்றுவழியில் வாகனங்கள் குறைவு. ஆனால் கடைகளும் குறைவு, மாலையில் யானைத் தொல்லையும் உண்டு, முற்பகலுக்குள் முடித்துவிடுங்கள். அப்படியே கல்லடிக்கு வந்தால், 1924இல் கட்டிய பழைய இரும்புப் பாலம் புதிய பாலத்துக்குப் பக்கத்தில் நிற்பதைக் காணலாம்.

கேள்வி: அக்காவும் நானும் இருவராகச் செல்ல விரும்புகிறோம். உணவு, தங்குமிடம் பற்றி அறிவுரை தேவை.
– வாசகி, பசறை

பதில்: தங்குமிடங்களை முன்கூட்டியே தொலைபேசியில் பேசி உறுதிசெய்து, ஒவ்வொரு நாளும் பிற்பகல் இரண்டு மணிக்குள் அங்கே போய்ச் சேருங்கள். ஓகஸ்டில் அறுகம்பேயில் அலைச்சறுக்குக்கு வரும் வெளிநாட்டவர் நிறைந்திருப்பார்கள், அறை விலையும் ஏறியிருக்கும். பொத்துவில் நகரில் விசாரிப்பது சிக்கனம். கிழக்கில் பெண்கள் சைக்கிளில் வேலைக்கும் பாடசாலைக்கும் போய்வருவது அன்றாடக் காட்சி. அந்த வகையில், நம் தோட்டங்களில் சந்திக்கும் ஏளனப் பார்வையை அங்கே நீங்கள் சந்திக்கப்போவதில்லை. மூட்டை கட்டிய சைக்கிளில் இரு பெண்களைக் கண்டு கேள்வி கேட்பவர்கள் நிச்சயம் இருப்பார்கள். அன்றிரவு எங்கே தங்குகிறீர்கள் என்பதை மாத்திரம் வழியில் யாரிடமும் சொல்லாதீர்கள். தேசிய அடையாள அட்டையைக் கையில் வைத்திருங்கள். அவசர அம்புலன்ஸ் சேவைக்கு 1990, பொலிஸுக்கு 119.

அக்கரைப்பற்று முதல் கல்முனை வரை ஊருக்கு ஊர் சாப்பாட்டுக் கடை உண்டு. ஆனால் நிந்தவூர், சாய்ந்தமருது, காத்தான்குடி போன்ற முஸ்லிம் ஊர்களில் வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் கடைகள் மூடியிருக்கும். அன்றைய உணவை முற்பகலிலேயே வாங்கிவிடுங்கள். வாழைச்சேனைக்கும் வாகரைக்கும் இடையிலும், வாகரைக்கு வடக்கேயும் நீண்ட தூரத்துக்குக் கடைகள் அரிது என்பதால், ஆளுக்கு மூன்று லீற்றர் தண்ணீராவது வேண்டும். வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டிருந்தால் வியர்வையில் போகும் உப்பு திரும்பாது. மருந்துக் கடையில் ஜீவனிப் பொதிகள் சிலவற்றை வாங்கிச் செல்லுங்கள்.

கேள்வி: பயணம் முடிந்ததும் சைக்கிளோடு எவ்வாறு திரும்புவது?
– வாசகர், ஹட்டன்

பதில்: ரயிலில்தான். திருகோணமலை, மட்டக்களப்பு இரண்டிலிருந்தும் கொழும்பு செல்லும் ரயில்கள் மாகோ வழியாகப் பொல்காவலைச் சந்திக்கு வருகின்றன. பதுளை செல்லும் மலையக ரயிலை நீங்கள் அங்கே பிடிக்கலாம். சைக்கிளைப் பொதியாகப் பதிவுசெய்து கட்டணம் செலுத்த வேண்டும். அது கார்டின் பெட்டியில் ஏறும். எல்லா ரயிலிலும் இடம் கிடைக்கும் என்று நம்பிப் போகாமல், முதல் நாளே நிலையத்தில் விசாரித்து, புறப்படும் நேரத்துக்கு ஒரு மணித்தியாலம் முன்னதாகப் பொதிக் கருமபீடத்துக்குச் சென்றுவிடுங்கள். பெடல்களைக் கழற்றி, ஹேண்டிலைத் திருப்பிக் கட்டி, உங்கள் பெயரையும் இறங்கும் நிலையத்தையும் எழுதிய அட்டையைச் சட்டத்தில் தொங்கவிடுங்கள். பொல்காவலையில் சைக்கிளை நீங்களே இறக்கி மாற்ற வேண்டியிருக்கலாம், தூங்கிவிடாதீர்கள்.