எச்.ஐ.வி. தோன்றிய காலத்தை மரபணுவைக் கொண்டு எப்படிக் கணிக்கிறார்கள்?

மூலக்கூறுக் கடிகாரம் என்பது, வைரஸின் மரபணுத் தொடரில் காலப்போக்கில் சேரும் மாற்றங்களை எண்ணி, அதன் வயதைக் கணிக்கும் முறையாகும். வைரஸ் பெருகும்போது படியெடுத்தலில் பிழைகள் நேர்கின்றன. கையால் படியெடுத்த சுவடிகளில் ஒரே பிழையைக் கொண்டவை ஒரே மூலப்படியிலிருந்து வந்தவை என்று பதிப்பாசிரியர் உணர்வதைப் போல, பொதுவான மாற்றங்கள் வைரஸ்களின் உறவைக் காட்டுகின்றன.

ஆப்பிரிக்காவின் காங்கோவிலுள்ள கின்ஷாசா நகரில் 1959, 1960 ஆகிய ஆண்டுகளில் மனிதர்களிடமிருந்து எடுக்கப்பட்டு, நல்வேளையாகப் பாதுகாக்கப்பட்ட இரண்டு மாதிரிகளே இங்கு பெருஞ்சான்று; அவற்றின் தொடர்கள் அதற்குள்ளாகவே வெகுவாக வேறுபட்டிருந்ததால், எச்.ஐ.வி.யின் முதன்மை வகையான எச்.ஐ.வி.-1இல் உலகெங்கும் பரவிய குழுவின் பொது மூதாதை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தை ஒட்டியே இருந்திருக்க வேண்டும் என்று கணிக்கப்பட்டது. இக்குழுவுக்கு மிக நெருங்கிய வைரஸ் தென்கிழக்குக் கேமரூனின் சிம்பன்சிகளிடம் காணப்படுகிறது.

எய்ட்ஸ் 1981இல் மருத்துவர்களால் முதலில் பதிவுசெய்யப்பட்டதால் வைரஸும் அப்போதுதான் தோன்றியது என்று பலர் எண்ணுவது சரியன்று.