கையிலிருந்த ஆட்டம் நழுவினால்

தம்பி, நாகர்கோவில் சதுரங்கப் போட்டியின் கடைசிச் சுற்றில் ஒரு யானை கூடுதலாக இருந்தும் நேர நெருக்கடியில் தோற்று, மூன்று நாளாகத் தூக்கமில்லை என்கிறீர்கள். எனக்கும் அப்படி நடந்திருக்கிறது. மார்த்தாண்டம் வரை பேருந்தில் வாயே திறக்கவில்லை. அழுகை வந்தால் அழுதுவிடுங்கள், அதில் வெட்கமே வேண்டாம்.

சரி, இன்று நகர்த்தல்களைக் குறித்து வைத்த ஆட்டத்தாளை எடுங்கள். ஆட்டத்தை அலசும் கணினி நிரலான எஞ்சின் இப்போது வேண்டாம், அது புண்ணைக் கிளறும். எந்த நகர்த்தலில் பயம் வந்தது, அப்போது கடிகாரத்தில் எவ்வளவு நேரம் இருந்தது, இதை மட்டும் எழுதுங்கள்.

உலக சாம்பியனுக்குச் சவால் விடுபவரைத் தேர்ந்தெடுக்கும் 2024 கேண்டிடேட்ஸ் தொடரில் குகேஷ் ஏழாவது சுற்றில் அலிரேசா பிரூஜாவிடம் நேர நெருக்கடியில்தான் தோற்றார். மறுநாள் ஓய்வு நாள். அந்தத் தொடரை வென்றவரும் அவர்தான்.

அப்புறம், செல்போனை வீட்டில் வைத்துவிட்டு ஒரு மாலை சங்குத்துறைக் கடற்கரைக்குப் போய் வாருங்கள்.