அலுமாரிக்குப் பதில் ஒரு ஒட்டுப்பலகை

கேள்வி: திருகோணமலை உவர்மலையில் வாடகை வீடு. ஆறும் ஒன்பதும் வயதில் இரண்டு பிள்ளைகள், ஒரே அறை. உடுப்பும் விளையாட்டுச் சாமான்களும் கதிரை, கட்டிலடி எங்கும் குவிந்து கிடக்கின்றன. கடையில் மூன்று கதவு மெலமைன் அலுமாரி தவணைக்குத் தருகிறார்கள். வாங்கலாமா, தச்சரிடம் சொல்லிச் செய்விக்கலாமா? சுவரில் துளை போட வீட்டுக்காரர் விடமாட்டார்.

பதில்: செய்வியுங்கள். அந்த மெலமைன் மேற்பூச்சுக்கு உள்ளே இருப்பது பெரும்பாலும் சிப்போர்ட், அதாவது மரச்சீவலைப் பசையோடு அழுத்திய பலகை. வீடு கழுவும் தண்ணீர் அடியில் ஏறினால் தேத்தண்ணீரில் தோய்த்த பிஸ்கட் மாதிரி ஊதிவிடும். எங்கள் வீட்டில் ஒன்று இரண்டு மாரிகூடத் தாங்கவில்லை. முதலில் கதவு இறுகியது. அப்புறம் ஒருநாள் பிணைச்சல், திருகாணியும் தூளுமாகக் கையோடு வந்தது.

சுவரில் துளை போட முடியாது என்றீர்களே, உயரமான அலுமாரி வேண்டாம் என்பதற்கு அதுவே போதும். பிள்ளைகள் லாச்சியை இழுத்துப் படியாக்கி ஏறுவார்கள்; சுவரோடு பூட்டாத அலுமாரி அவர்கள் மேலேயே சாயும். அப்படிச் சாய்ந்து பிள்ளைகள் இறந்ததால்தான் 2016இல் அமெரிக்காவில் ஐகியா என்ற தளபாட நிறுவனம் 2 கோடியே 90 இலட்சம் லாச்சிப் பெட்டிகளைத் திரும்பப் பெற்றது.

18 மி.மீ. ஒட்டுப்பலகை (பிளைவுட்) ஒன்று, 8க்கு 4 அடி, வாங்குங்கள். ஈரம் தாங்கும் ரகமாகக் கேளுங்கள். கடையிலேயே நீளவாக்கில் நான்கு கீற்றாக அறுக்கச் சொல்லுங்கள். வாளின் தடிப்புப் போக ஒவ்வொன்றும் ஓர் அடிக்குச் சற்றுக் குறையும். அதில் 4 அடி நீளம், இரண்டரை அடி உயரத்தில் கதவில்லாத தட்டு ஒன்று வரும். நடுவில் தடுப்பு வைக்க மறக்க வேண்டாம், இல்லாவிட்டால் தட்டு தொய்யும். மிச்சத்தில் கட்டிலடிக்குச் சில்லு வைத்த இரண்டு பெட்டிகளுக்குச் சுற்றுப்பலகை வரும். அடிக்கு மட்டும் 6 மி.மீ. பலகை தனியாக வாங்க வேண்டும். பெட்டி 6 அங்குல உயரம், சில்லோடு 8 வரும். அறுக்குமுன் கட்டிலடியை அளந்துவிடுங்கள்.

தட்டுக்கு 2 அங்குலக் கட்டைக் கால் வையுங்கள், வீடு கழுவினாலும் நனையாது. அறுத்த ஓரங்களுக்கு இரண்டு தரம் பெயின்ட். இங்கே கடற்காற்றுக்குச் சாதாரண ஆணி கறள் பிடிக்கும், துருப்பிடிக்காத திருகாணியே வாங்குங்கள். கதவில் மிச்சம் பிடித்த காசு இதற்குப் போகட்டும்.

துறைமுகப் பக்கம் சரக்கு அடுக்கும் பழைய பலட் பலகை மலிவாகக் கிடைத்தால் முத்திரையைப் பாருங்கள். 'எச்.டி.' (HT) என்றால் சூடாக்கியது, எடுக்கலாம். 'எம்.பி.' (MB) என்றால் மெதைல் புரோமைட் என்ற நச்சுப் புகை போட்டது. பிள்ளைகள் அறைக்கு வேண்டாம்.

கடைசியில் கடை அலுமாரிதான் என்று முடிவெடுத்தால், பற்றுச்சீட்டில் என்ன பலகை என்று எழுதி வாங்குங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி, நீங்கள் கேட்டால் பற்றுச்சீட்டு தந்தே ஆக வேண்டும். பிரச்சினை வந்தால் அந்தச் சபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் அழைக்கலாம். ஆனால் எழுத்துமூல முறைப்பாட்டை, அலுமாரி வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் கொடுத்துவிடுங்கள்.